ஒரே நாளில் இரு உணர்வுகள்



தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளில் அழுகையும் உண்டு, உவகையும் உண்டு. இரண்டையும் ஒரே மனம்தான் தாங்க வேண்டியிருக்கிறது.

1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவுவண்டி வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரைப் பொறுப்பாக ஏற்று, இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார்.

2007இல், பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானதும் அதே நவம்பர் 23தான். விழா கொண்டாடிய ஊரில், அந்நாளில் உற்றாரை இழந்த முதியோரும் இருந்திருப்பர்.

நம் அன்றாட வாழ்வும் இத்தகையதே. மகிழும் நாளில் அண்டைவீட்டுத் துயரை மறவாதிருப்போம். துயருறும் நாளில் பிறர்க்கு ஒரு கடமையேனும் செய்வோம். மனம் நிலைகொள்ள அதுவே வழி.