மார்பு எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும்: அச்சமும் தெளிவும்

(ஜமாஅத் சார்பில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கு மார்பு எக்ஸ்ரே கட்டாயம் என்பதால் நம்மில் பலருக்கும் அது பழக்கமானதே. எனினும், இதைப் பற்றி இருவகைத் தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. ஒரு சாரார் கதிர்வீச்சுக்கு அஞ்சி, மருத்துவர் எழுதிக்கொடுத்த எக்ஸ்ரேயையும் தவிர்க்கின்றனர். மற்றொரு சாரார், மருத்துவர் வேண்டாம் என்றாலும் தாமே சென்று ஸ்கேன் எடுத்துக்கொள்கின்றனர். இரண்டுமே தீங்கு தருபவை.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் உடலை ஊடுருவக்கூடியவை. உயிரணுக்களில் உள்ள மரபணுவைச் சிதைக்கும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு. ஆகவே, அளவு கூடக்கூடப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சிறிது கூடும் என்று கொண்டே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

இந்த அளவை மில்லிசீவர்ட் என்னும் அலகால் குறிப்பர். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாகவே உலக மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். ஒரு கோணத்தில் எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயின் அளவு சுமார் 0.02 மட்டுமே, அதாவது மூன்று நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். சி.டி. ஸ்கேனில் கதிர்க்குழாய் உடலைச் சுற்றிச் சுழன்று பல கோணங்களில் படமெடுப்பதால், வழக்கமான மார்பு ஸ்கேனின் அளவு ஏறத்தாழ 5 முதல் 7 வரை செல்லும். இது இரண்டு, மூன்று ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சுக்கு ஒப்பாகும்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, அன்றைய எய்ம்ஸ் இயக்குநர் டாக்டர் ரன்தீப் குலேரியா ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று எச்சரித்தார். கதிரியல் மருத்துவர் சங்கத்தினர் அதை மறுத்து, நவீனக் கருவிகளில் அது 5 முதல் 10 எக்ஸ்ரேக்களுக்கே சமம் என்றனர். மக்கள் குழம்பினர். வழக்கமான ஸ்கேனின் 7 மில்லிசீவர்ட்டை 0.02ஆல் வகுத்தால் 350 வரும். குறைந்த அளவு ஸ்கேனுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிசீவர்ட் போதும். அதனை இரு கோண எக்ஸ்ரேயின் 0.1ஆல் வகுத்தால் 10, 15தான் வரும். எந்தக் கருவி, எந்த முறை என்பதைப் பொறுத்தே அளவு மாறுகிறது.

இனிப் பயனைப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை இந்தியாவில் நடைபெற்ற தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில், உறுதி செய்யப்பட்ட நோயாளிகளுள் 42.6 விழுக்காட்டினர், மார்பு எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் கண்டறியப்படாமலே போயிருப்பர். மூன்று நாள் கதிர்வீச்சுக்கு அஞ்சி எக்ஸ்ரேயைத் தவிர்ப்பவர், தம் பிள்ளைகளுக்கே காசநோயைப் பரப்பிவிடக்கூடும். நெடுங்காலம் மிகுதியாகப் புகைபிடித்தோரிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், குறைந்த அளவு சி.டி. ஸ்கேன் நுரையீரல் புற்றுநோய் மரணங்களை 20 விழுக்காடு குறைத்ததாக 2011இல் வெளிவந்தது. ஆனால் புகைப்பழக்கமே இல்லாதவர் அச்சத்தினால் ஸ்கேன் எடுப்பதற்கு அது சான்றாகாது.

எனவே, சில வேண்டுகோள்கள்:

1. மருத்துவர் பரிந்துரையின்றி ஸ்கேன் எடுக்காதீர்கள். எழுதிக்கொடுத்தால், எதற்காக என்றும், எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோ போதுமா என்றும் தயங்காது கேளுங்கள்.

2. பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரப்படுத்துங்கள். ஒரே படத்தை மீண்டும் எடுப்பதைத் தவிர்க்கலாம்.

3. கர்ப்பிணிகள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தேவையான மார்பு எக்ஸ்ரேயில் கருவைச் சேரும் கதிர் மிக மிகக் குறைவே. ஆகவே பீதி வேண்டாம்.

4. குழந்தைகளின் உடல் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும். அவர்களுக்குரிய குறைந்த அளவில் எடுக்குமாறு கேளுங்கள்.

5. துணைக்குச் செல்வோர் எக்ஸ்ரே அறைக்கு வெளியே நில்லுங்கள்.

படம் எடுத்து முடிந்தபின் கதிர் உடலில் தங்குவதில்லை. தாய்மார்கள் தாராளமாகப் பாலூட்டலாம். தேவையானபோது தயங்காமலும் தேவையற்றபோது விரும்பாமலும் இருப்பதே அறிவுடைமை.