முதுமை எய்திய வீரன்: ‘டை ஹார்ட்’ படவரிசையை முன்வைத்து



இலக்கிய மேடையில் அமெரிக்க அடிதடிப் படத்திற்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. ஆயினும் வீரனுக்கு வயதாகலாமா என்பது, திரைப்படம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே காப்பியங்கள் எதிர்கொண்ட வினா. சீதையைக் கவர்ந்து செல்லும் இராவணனை வழிமறிப்பவன் இளவீரன் அல்லன். முதுமை எய்திய கழுகரசன் சடாயு. அவனுடைய முதுமையை நீக்கிவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒரு சண்டைக் காட்சி மட்டுமே. அடிதடிப் படவரிசைகளின் நாயகர்கள் நரைத்த பின்னும் அதே நடிகர்களைக் கொண்டு அவற்றைத் தொடரலாமா என்ற இன்றைய விவாதத்தையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்க இடமுண்டு. அதற்குப் பொருத்தமான சான்று புரூஸ் வில்லிஸ் நடித்த ‘டை ஹார்ட்’. எளிதில் சாகாதவன் என்று அத்தலைப்பிற்குப் பொருள் கொள்ளலாம்.

இப்படவரிசையின் பிறப்பே வயதோடு பிணைந்தது. ராடரிக் தார்ப் 1966-இல் ‘தி டிடெக்டிவ்’ என்னும் நாவலை எழுதினார். 1968-இல் அது படமானபோது அதன் நாயகன் ஜோ லேலண்டாக ஃபிராங்க் சினாட்ரா நடித்தார். 1979-இல் தார்ப் அதே நாயகனை மீண்டும் அழைத்து ‘நத்திங் லாஸ்ட்ஸ் ஃபாரெவர்’ என்னும் நாவலைப் படைத்தார். எதுவும் நிலைப்பதில்லை என்பது அத்தலைப்பின் பொருள். அதில் லேலண்ட் பணி ஓய்வு பெற்ற முதியவர். கிறித்துமசை ஒட்டி மகளைக் காண லாஸ் ஏஞ்சலஸ் வருகிறார். மகள் பணிபுரியும் வானளாவிய கட்டடத்தை ஆயுதக் குழு ஒன்று கைப்பற்றுகிறது. முதியவர் தனியராய்ப் போரிடுகிறார். முடிவில் மகளை இழக்கிறார்.

இந்நாவலைப் படமாக்க முனைந்த நிறுவனம், பழைய ஒப்பந்தத்தின்படி முதலில் சினாட்ராவையே கேட்க வேண்டியிருந்தது. எழுபதைக் கடந்திருந்த அவர் மறுத்துவிட்டார். பின்னர் வேறு சிலரையும் தாண்டி அவ்வேடம், முப்பத்திரண்டு வயதுத் தொலைக்காட்சி நடிகர் வில்லிஸிடம் வந்து சேர்ந்தது. லேலண்ட் ஜான் மெக்ளேன் ஆனான், மகள் மனைவியானாள், இழப்பு வெற்றியாயிற்று. மூல நடிகர் முதுமை கருதி விலகியதால் பிறந்த படம், பிற்காலத்தில் தன் மூல நடிகரின் முதுமையை என்ன செய்வது என்று தடுமாறியது. வரலாற்றின் குறும்பு என்றே இதனைக் கூற வேண்டும்.

1988-இல் வெளிவந்த முதற்படத்தின் வலிமை அதன் வெடிகளில் இல்லை. அக்காலத்து அமெரிக்க நாயகர்கள் அர்னால்ட் சுவார்செனேகரைப் போலவும் சில்வெஸ்டர் ஸ்டாலோனைப் போலவும் மலைத்தோள் கொண்டவர்கள். மெக்ளேனோ வெறுங்காலுடன் ஓடுகிறான். பகைவர்கள் அதைக் கண்டுகொண்டு கண்ணாடிகளைச் சுட்டு நொறுக்குகிறார்கள். உள்ளங்காலில் தைத்த சில்லுகளைக் கழிப்பறையில் அமர்ந்து பிடுங்கியவாறே, வெளியில் நிற்கும் காவலரிடம் வானொலிக் கருவி வழியாகத் தன் மனைவியிடம் சேர்ப்பிக்குமாறு ஒரு மன்னிப்பைச் சொல்லி அனுப்புகிறான். அந்தக் குருதி தோய்ந்த கால்களே அப்படத்தின் உயிர்நிலை. வலி நடிப்போடும் நின்றுவிடவில்லை. மேசைக்கடியிலிருந்து சுடும் காட்சியைப் படமாக்கியபோது வெற்றுத் தோட்டாவின் ஓசையால் வில்லிஸின் இடச்செவி நிலையாகப் பழுதுற்றது.

1990, 1995 ஆகிய ஆண்டுகளில் அடுத்த இரு படங்கள் வந்தன. பின்னர் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. 2007-இல் நான்காம் படம் வந்தபோது நடிகருக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் மெக்ளேன் மகிழுந்தை ஏவி ஹெலிகாப்டரை வீழ்த்துகிறான். போர் விமானத்தின் தாக்குதலுக்குத் தப்பி அதன்மேலேயே குதித்திறங்குகிறான். 2013-இல் ஐந்தாம் படம் அவனை மாஸ்கோவிற்கு அனுப்பி, மகனோடு சேர்த்துக் கண்ணாடிக் கூரைகளின் வழியே வீழ்த்துகிறது. தூசியைத் தட்டிக்கொண்டு எழுகிறார்கள். நடிகர் முதிர முதிரப் பாத்திரத்தின் உடல் இரும்பாகிக்கொண்டே போயிற்று. முப்பத்திரண்டில் கண்ணாடி தைத்து நொண்டியவனுக்கு ஐம்பத்தேழில் கீறல்தான் விழுகிறது! நான்காம் படமே இவ்வரிசையில் மிகுதியாக வசூலித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. உலகளவில் ஏறத்தாழ 38 கோடி டாலர். தயாரிப்பாளர்க்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. ஆயினும் நடிகருக்கு வயதானது இங்கே பிழையன்று. அவ்வயதைக் கதை ஏற்க மறுத்ததே பிழை.

ஆளை மாற்றினால் என்ன என்பாரும் உளர். அவர்கள் காட்டும் சான்று ஜேம்ஸ் பாண்ட். 1962 முதல் 2021 வரை அப்படவரிசையில் ஆறு நடிகர்கள் அவ்வேடம் பூண்டனர். பாண்ட் என்பது ஒரு பதவி; அரசன் மாறினாலும் அரியணை இருக்கும். 1985-இல் ஐம்பத்தேழு வயதிலும் அதில் அமர்ந்திருந்த ரோஜர் மூர், தம் வயதைப் பின்னாளில் தாமே நகையாடினார். மெக்ளேன் அத்தகையவன் அல்லன். தலை வழுக்கையாவதையும் மணவாழ்வு முறிவதையும் படத்துக்குப் படம் பார்வையாளர் உடனிருந்து கண்டுள்ளனர். அவ்வுடலே அப்பாத்திரம்.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடல் இவ்வவையோர்க்குப் புதிதன்று. மரமேறி மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிக் காட்டிய சிறுவனும், இருமலுக்கிடையே பேசும் முதியவனும் ஒருவனே என்பதில்தான் அப்பாடலின் துயரம் இருக்கிறது. மடுவில் பாய ஒருவரும் இரும வேறொருவரும் என்றால் பாட்டு ஏது? மூல நடிகரே முதுமையிலும் நடிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று தேட வேண்டியதில்லை.

இதனை உணர்ந்து செய்தவர்களும் இருக்கிறார்கள். 1976-இல் ‘ராக்கி’ படத்தில் குத்துச்சண்டை வீரனாக வந்த ஸ்டாலோன், ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தின் படிகளில் ஓடி ஏறிக் கைகளை உயர்த்தினார். 2015-இல் ரயன் கூக்ளர் இயக்கிய ‘கிரீட்’ படத்தில் அதே ராக்கி களத்தில் இறங்கவில்லை, மறைந்த நண்பனின் மகனுக்குப் பயிற்சி அளிக்கிறார், புற்றுநோயால் தளர்கிறார். இறுதியில் அதே படிகளை இளைஞனின் துணையோடு, இடையிடையே நின்று மூச்சு வாங்கி ஏறுகிறார். ஒரே பாத்திரத்திற்கு 1976-ஆம் ஆண்டுப் படத்திலும் 2015-ஆம் ஆண்டுப் படத்திலும் ஆஸ்கார் பரிந்துரை பெற்றார் அவர். மாறாக, 2023-இல் வெளிவந்த ‘இண்டியானா ஜோன்ஸ்’ ஐந்தாம் படம், எண்பது வயது ஹாரிசன் ஃபோர்டின் முகத்தைக் கணிப்பொறியால் இளமையாக்கி 1944-ஆம் ஆண்டுக் காட்சிகளில் உலவவிட்டது. முகம் இளைஞனுடையது, குரலோ முதியவருடையது. நினைவுகூர வேண்டியதைக் கண்முன் செய்து காட்டிவிட்டால் ஏக்கத்திற்கு இடமேது?

மெக்ளேனுக்கு அப்படிகள் வாய்க்கவில்லை. வில்லிஸ் பேச்சிழப்பு நோயால் நடிப்பினின்று விலகுவதாகக் குடும்பத்தார் 2022 மார்ச்சில் அறிவித்தனர். 2023 பிப்ரவரியில் அது மூளையின் முன்பகுதியைச் சிதைக்கும் டிமென்ஷியா எனத் தெரிவித்தனர். மோசமான படங்களுக்குக் கேலி விருது வழங்கும் அமைப்பு ஒன்று, 2021-இல் வந்த அவருடைய எட்டுப் படங்களுக்கென்றே தனிப்பிரிவு வகுத்துச் சிரித்திருந்தது; நோய்ச் செய்தி கேட்டதும் அதனைத் திரும்பப் பெற்றது. வயதான நடிகரைப் பார்த்து எழும் சிரிப்பு எத்தனை விரைவில் நாணமாக மாறும் என்பதற்கு இது போதும்.

இனி எஞ்சுவது முகம் மட்டும். 2021-இல் ஒரு ரஷ்யத் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் வேறொருவர் நடிக்க, வில்லிஸின் முகம் கணிப்பொறியால் பொருத்தப்பட்டது. 1994-இல் மறைந்த பீட்டர் குஷிங்கை 2016-இல் ஒரு படத்தில் நடமாட வைத்ததும் இவ்வழியில்தான். 2023-இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, தம் முகமும் குரலும் தம் இசைவின்றிப் பயன்படுவதற்கு எதிரான காப்பும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. உரிமையாளர் இசைந்தாலும், சில்லு தைத்தால் வலிக்காத கால்களைக் கொண்டு இப்படவரிசையைத் தொடர்வதில் பொருளில்லை.

எனவே மெக்ளேனை விட்டுவிடலாம். அவனாக வில்லிஸ் பிற்காலத்தில் தோன்றியது 2020-இல், அதே பெயர் கொண்ட மகிழுந்து மின்கலத்தின் விளம்பரத்தில். கட்டடமும் கிறித்துமசும் வேண்டும் என்று தயாரிப்பாளர் விரும்பினால், தார்ப்பின் நாவல் அப்படியே கிடக்கிறது. மகளைக் காண வந்து அவளை இழந்த முதியவர் லேலண்டின் கதையை இதுவரை எவரும் அதன் வயதோடு படமாக்கவில்லை. எழுபது வயது நடிகர் ஒருவர் வெட்கமின்றி மூச்சு வாங்கி அதில் நடிக்கலாம்.