வீட்டார் சொன்ன பாரதி



குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சொந்த ஊரில் மறைந்தால், அவரை நினைவுகூர ஊரார் பலர் உளர். பிற மாநிலங்களில் வாழும் நம் நிலை வேறு. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ ஒரு தந்தை கண்மூடினால், அவர் எத்தகையவர் என்பதை முற்றும் அறிந்தோர் பெரும்பாலும் அவ்வீட்டாரே. ஆகவே, அவர் நினைவைக் காக்கும் கடமையும் அவர்களையே சார்கிறது. அக்கடமையை ஒரு குடும்பம் நிறைவேற்றிய வகையை இன்று சிந்திப்போம்.

சுப்பிரமணிய பாரதியாரும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் சென்றவரே. 1898-இல் தந்தையை இழந்தபின் காசிக்குச் சென்று, அனுமான் கட்டத்தில் அத்தை குப்பம்மாள் இல்லத்தில் தங்கிப் பயின்றார். 1908 முதல் 1918 வரை, அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வாழ்ந்தார். 1921 செப்டம்பரில் சென்னைத் திருவல்லிக்கேணியில் மறைந்தபோது அவருக்கு வயது 38. மனைவி செல்லம்மாளும், தங்கம்மாள், சகுந்தலா என்னும் இரு பெண்களும் அவரை இழந்து நின்றனர்.

அவர் பாட்டை நாடு காத்துக்கொண்டது. ஆனால், சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு வாரி இறைத்துவிட்டு மகிழ்ந்து நின்ற குடும்பத் தலைவரை நாடு எவ்வாறு அறியும்? வீட்டார் சொன்னதனாலன்றோ அறிந்தோம்! செல்லம்மாள் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதிய சரித்திரம் 1941-இல் நூலாயிற்று. 1951-இல் திருச்சிராப்பள்ளி வானொலியில் செல்லம்மாளே தம் கணவரைப் பற்றிப் பேசினார். சகுந்தலாவும் தம் தந்தையைப் பற்றி எழுதினார். புதுச்சேரி நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாளின் நினைவுகள் 1954-இல் வெளிவந்தன.

இவற்றுள் நாம் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, இதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. தாய் சொன்னார், மகள் எழுதினார். மற்றொன்று, செல்லம்மாள் புகழ்ச்சியோடு நின்றுவிடவில்லை. கவிஞரோடு குடித்தனம் நடத்திய இன்னலையும் மறைக்காது சொன்னார். அரிசி குருவிகளுக்குப் போன நாளில், அடுத்த வேளைச் சோற்றுக்குக் கவலைப்பட வேண்டியவர் அவரன்றோ? அக்குறையையும் அறிந்த ஒருவர் காட்டும் அன்பாதலின், அதை நாம் ஐயமின்றி நம்புகிறோம்.

நம்மிற் பலர் ஆண்டுதோறும் திதி கொடுக்கிறோம். மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்கிறோம். பெயருக்குரியவர் எத்தகையவர் என்பதைச் சொல்வதில்லை. இந்தியும் வங்காளியும் மராத்தியும் பேசி வளரும் பேரக் குழந்தைகளுக்கு அப்பெயர் வெறும் ஒலியாகவே நின்றுவிடுகிறது. தாத்தா எந்த ரயிலில் இவ்வூருக்கு வந்து இறங்கினார்? முதற் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினார்? எதற்குச் சினந்தார்? எதற்கு வாய்விட்டுச் சிரித்தார்? இவற்றையெல்லாம் அறிந்தவர் பாட்டி ஒருவரே. அவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும்.

அடுத்த திதி நாளில் பெயரோடு ஒரு நிகழ்ச்சியையும் சொல்லுவோம். பெரியவர் சொல்ல, வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். ஆண்டுக்கு ஒரு பக்கமேயாயினும், நம் வீட்டுச் சரித்திரம் நம் மொழியில் வளரும்.