வேண்டுவோர்க்கு ஒரு படி

கட்டிலின் கீழே கட்டுக்கட்டாகக் கிடந்து கறையானுக்கு இரையான நூல்கள்தாம் எத்தனை! வாசகர் கேட்குந்தோறும் ஒவ்வொரு படியாக அச்சிட்டனுப்பும் முறை அத்துயரை ஒழித்தது. 2002இல் தோன்றிய லூலு, 2018இல் கிரியேட்ஸ்பேசைத் தன்னுள் அடக்கிய அமேசானின் கே.டி.பி. முதலியன அம்முறையில் இயங்குவன.

நேயர்களே, ஆசிரியர் பலர் படியொன்றின் அச்சுக்கூலியை மட்டுமே ஒப்புநோக்குவர். சர்வதேச நியம நூலெண்ணை நோக்குவார் அரியர். கே.டி.பி. இலவசமாக வழங்கும் எண்ணை வேறோர் அச்சகத்திற்கு எடுத்துச்செல்ல இயலாது. பின்னொருநாள் பிரிய நேரின், நூல் புதிய எண்ணோடு மறுபிறவி எடுத்தாகவேண்டும். இலங்கை ஆசிரியர்க்கு அவ்வெண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகின்றது. அதனைப் பெற்றபின் அச்சகம் தேடுவதே முறை. தெரிந்தெடுத்த நிறுவனம் தமிழ் நூலை அச்சிட ஏற்குமா என்பதும் முன்னரே கேட்டறியத்தக்கது. ஏற்பின், மாதிரிப் படியொன்றை வரவழைத்து விரித்துப் பார்த்தல் வேண்டும். கொம்பும் காலும் இடம்மாறியிருப்பின் அப்போதே புலப்படும்.