ஆற்றைக் காப்பதும் ஒரு தொழில்தான்



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியானதும் நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி, பிள்ளையை எந்தத் துறையில் சேர்ப்பது என்பதுதான். மருத்துவம், சட்டம், கணினி என்று பட்டியல் நீளும். தண்ணீர்த் துறைக்கு அதில் இடமிருப்பதில்லை. 'குழாய் பழுது பார்க்கும் வேலைதானே' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஜொகூர் மக்கள் அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஜொகூர் ஆறு இம்மாநிலத்துக்கும் சிங்கப்பூருக்கும் குடிநீர் தருகிறது. 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் அந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். வறட்சிக் காலத்தில் ஆற்றுக்கு நீர் திறந்துவிடுவது லிங்கியூ அணை. 2016 அக்டோபரில் அந்த அணையின் நீர் இருப்பு 20 விழுக்காடாகக் குறைந்தது.

தண்ணீர் இருந்தால் மட்டும் போதுமா? 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா கூடியபோது, சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. படிகாரம் சேற்றைப் படிய வைக்கும், மணல் வடிகட்டும், குளோரின் கிருமியைக் கொல்லும். ஆனால், அளவு மீறிய அம்மோனியாவை இந்த வழக்கமான முறையால் நீக்க முடியாது. மதகை மூடுவதே வழி. ஆகவே, நல்ல குடிநீருக்கான வேலை நிலையத்தில் அல்ல, ஆற்றின் மேற்பகுதியில் தொடங்குகிறது.

அதற்கு முந்தைய மாதம் பாசிர் கூடாங்கில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. பின்னர், 2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

அபராதம் தவற்றுக்குப் பின் வருவது. தவறு நேராமல் காக்க ஆள் வேண்டும். நீரைச் சோதிக்கும் வேதியியலாளர், மழையையும் ஆற்றோட்டத்தையும் கணக்கிடும் பொறியாளர், சுத்திகரிப்பு நிலைய இயக்குநர், சுற்றுச்சூழல் இலாகா அதிகாரி, வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் தொழில்நுட்பர் என்று வாய்ப்புகள் பல. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமும் இம்மாநிலத்திலேயே உள்ளன.

இத்தொழிலுக்கு அறிவியல் அறிவு மட்டும் போதாது. செம்பனைத் தோட்ட நிர்வாகி, தொழிற்சாலை மேலாளர், மீனவர், பள்ளி ஆசிரியர், நகராண்மைக் கழக அதிகாரி ஆகிய அனைவரையும் ஒரே மேசையில் அமர வைக்கும் பக்குவம் வேண்டும். ஆற்றில் துர்நாற்றம் வீசினால் முதலில் அறிபவர் கரையில் வசிப்பவர்தான். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் அதிகாரிதான் ஆபத்தை முன்கூட்டியே தடுப்பார்.

பல மொழி பேசி வளரும் நம் பிள்ளைகளிடம் அந்தப் பக்குவம் இயல்பாகவே உண்டு. அடுத்த முறை குழாயைத் திறக்கும்போது, அந்தத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், விடுமுறையில் அந்த ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.