92-ஆம் அறையில் ஒரு போதகர்



கஷ்ட காலம் என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை என்ற கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். அத்தகைய நாட்களில் நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சைக் கேட்டிருக்கிறோம். “எல்லாம் நம் தலையெழுத்து” என்பது ஒன்று. “கடவுள் பார்த்துக்கொள்வார்” என்பது மற்றொன்று. முதலாவது நம்பிக்கையின்மை, இரண்டாவது நம்பிக்கை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், சில வேளைகளில் இரண்டுமே மனிதனைத் திண்ணையில் உட்கார வைத்துவிடுகின்றன. இதைப் பற்றிச் சிறையிலிருந்தே சிந்தித்த ஒரு கிறிஸ்துவப் போதகரின் வரலாற்றை இன்று பார்ப்போம். நேயர்கள் இந்துக்களாயினும், கிறிஸ்துவர்களாயினும், இஸ்லாமியர்களாயினும், இது நம் எல்லாருக்கும் உரிய செய்தி என்றே கருதுகிறோம்.

அவர் பெயர் டீட்ரிச் போன்ஹோபர். ஜெர்மனி நாட்டில் 1906-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் பெர்லின் நகரில் பெயர்பெற்ற மனநோய் மருத்துவப் பேராசிரியர். எட்டுப் பிள்ளைகள் கொண்ட வசதியான குடும்பம். டீட்ரிச் வேதசாஸ்திரம் படித்துப் போதகரானார். வறுமையை அறியாமல் வளர்ந்த பிள்ளைதான். ஆயினும், 1930-ஆம் ஆண்டு நியூயார்க் நகருக்கு மேற்படிப்புக்குச் சென்றபோது, அங்கே ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் தேவாலயத்துக்குத் தவறாமல் போய், சிறுவர்களுக்கு ஞாயிறு வகுப்பு நடத்தினார். ஒதுக்கப்பட்டவர்களின் கண்கொண்டு உலகைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கே உண்டானது.

1933-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சித் தலைவரானார். இரண்டே நாள் கழித்து, நாம் இப்பொழுது பேசுவதைப் போலவே, போன்ஹோபர் பெர்லின் வானொலியில் ஓர் உரை நிகழ்த்தினார். தன்னையே தெய்வமாக்கிக்கொள்ளும் தலைவன் மக்களை வழிதவறச் செய்வான் என்பது அவ்வுரையின் சாரம். உரை முடியுமுன்னரே ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. யூதர்களை அரசாங்க வேலைகளிலிருந்து நீக்கும் சட்டம் அவ்வாண்டே வந்தது. தேவாலயங்களிலும் அதைப் புகுத்த ஒரு கூட்டத்தார் முயன்றபோது, போன்ஹோபர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். பின்னர் அவர் நடத்திய போதகர் பயிற்சிக் கூடத்தை 1937-இல் இரகசியப் போலீசார் மூடினர்.

1939-இல் நண்பர்கள் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கேயே இருந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார். ஆனால், சில வாரங்களுக்குள் கப்பலேறித் திரும்பிவிட்டார். தம் மக்களின் துன்பத்தில் பங்குகொள்ளாதவனுக்கு, போர் முடிந்தபின் அவர்களைச் சீர்திருத்த உரிமை இருக்காது என்பது அவர் எண்ணம். இதை அவருடைய வாழ்வின் திருப்புமுனை என்போம்.

1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் கைதானார். அது எந்த ஆண்டு என்று நேயர்கள் கவனிக்க வேண்டும். அதே 1943-இல்தான் நம் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதையில் காலராவுக்கும் பசிக்கும் பலியாகிக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் இரு மூலைகளிலும் அன்று ஒரே இருள்.

பெர்லினில் தேகல் என்னும் இடத்திலுள்ள இராணுவச் சிறையில் அவரை அடைத்தார்கள். முதல் இரவு கொடுத்த கம்பளியின் துர்நாற்றம் தாங்காமல், குளிரிலும் அதைப் போர்த்திக்கொள்ள முடியவில்லை. காலையில் ரொட்டித் துண்டை அறைக்குள் தரையில் வீசி எறிந்தார்கள். பின்னர் அவர் இருந்தது 92-ஆம் எண் அறை. ஒரு பலகைக் கட்டில், ஒரு முக்காலி, ஒரு வாளி ஆகியவையே அங்கிருந்த சாமான்கள். பெர்லின் நகர இராணுவத் தளபதி அவருடைய உறவினர் என்று தெரிந்ததும் காவலர்களின் குரல் மாறிவிட்டதாம். அதிக உணவு தர முன்வந்தார்கள். அது மற்றக் கைதிகளின் பங்கிலிருந்து வருவது என்பதால் வேண்டாமென்றார். வெயில் காலத்தில் குளிர்ச்சியான கீழ்த்தளத்து அறைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். அவர் போனால் வேறொருவர் அந்தச் சூடான அறைக்கு வரவேண்டுமே! அதையும் மறுத்துவிட்டார். சலுகை என்றால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும் நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும்.

இனி, நம்பிக்கையைப் பற்றி அவர் என்ன கருதினார் என்பதற்கு வருவோம். ஒரு சம்பவத்திலிருந்து தொடங்கினால் எளிதில் விளங்கும்.

1944-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நேச நாட்டு விமானங்கள் பெர்லின்மீது குண்டு பொழிந்த ஓர் இரவு. சிறையின் மருத்துவ அறையில் சன்னல்கள் சிதறி, மருந்துப் புட்டிகள் அலமாரியிலிருந்து விழுந்து உடைந்தன. இருட்டில் எல்லாரும் தரையில் கிடந்தார்கள். போன்ஹோபருக்குப் பக்கத்தில் கிடந்தவர் பயத்தில் கடவுளைக் கூவி அழைத்தார். மற்ற நேரங்களில் கடவுளைப் பற்றிக் கவலைப்படாத ஆள் அவர். ஒரு போதகர் அவ்வேளையில் என்ன செய்வார் என்று நாம் எதிர்பார்ப்போம்? வசனம் சொல்வார், ஜெபிக்கச் சொல்வார் அல்லவா? போன்ஹோபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடத்துக்குமேல் இது நீடிக்காது என்று மட்டும் சொன்னார். இதை அவரே தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். பயந்து கிடக்கும் மனிதனைப் பயன்படுத்தி மதத்தைத் திணிப்பது சரியல்ல என்பது அவர் கருத்து.

அவருக்குப் பக்தி குறைந்துவிட்டதா? இல்லை. சிறையில் நாள்தோறும் வேதாகமம் வாசித்தவர். மற்றக் கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதிக் கொடுத்தவர். ஆனால், மனிதனுடைய அறிவும் பலமும் தீர்ந்துபோன ஓரத்தில் மட்டும் கடவுளைத் தேடுவதை அவர் ஏற்கவில்லை. வாழ்வின் நடுவிலே, வேலையிலும் உடல்நலத்திலும் மகிழ்ச்சியிலும் கடவுள் இருக்க வேண்டும் என்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோதும், நாலு நம்பர் எழுதும் நாளிலும் மட்டும் சாமியைத் தேடுகிற நம்மவர்க்கும் இது பொருந்தாமலில்லை.

மோசமான சூழ்நிலையில் நல்ல எதிர்காலத்தை எதிர்பார்ப்பது அசட்டுத்தனமா என்று 1942-ஆம் ஆண்டு முடிவில், கைதாகும் முன்னர், ஒரு கட்டுரையில் அவர் ஆராய்ந்தார். நெருங்கிய சிலருக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்த கட்டுரை அது. அதன் ஒரு பிரதி பெற்றோரின் வீட்டுக் கூரையில், உத்தரங்களுக்கும் ஓடுகளுக்கும் இடையே மறைத்து வைக்கப்பட்டிருந்தது. நம்பிக்கை என்பது நிலைமையைப் பார்த்துச் சொல்லும் ஜோசியமன்று. பிறர் கைவிட்டபோதும் தலைநிமிர்ந்து நிற்கும் வலிமை என்கிறார் அதிலே. நாளையே உலகம் முடிந்தாலும் முடியலாம். அப்போது வேலையை நிறுத்துவோம், அதற்கு முன்னர் நிறுத்த மாட்டோம் என்பது அவர் வாதத்தின் போக்கு. ரப்பர்க் கன்று நட்டு, பால் காண ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்த மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அவர் இதைச் சொன்னதோடு நிற்கவில்லை. கைதாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், மரியா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொள்ள நிச்சயம் செய்திருந்தார். அவளுக்கு வயது 18. சிறையிலிருந்தபடியே இருவரும் வீட்டுச் சாமான்களைப் பற்றியும், திருமணத்தைப் பற்றியும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அத்திருமணம் நடைபெறவேயில்லை.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். போன்ஹோபர் ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் ஈடுபட்டவர்களோடு தொடர்புடையவர். ஹிட்லரைக் கொல்வதும் அச்சதியின் ஒரு பகுதி. கொல்லாதே என்று போதித்தவர் இதற்கு உடன்படலாமா? அவர் அதைப் புண்ணியம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. குற்றத்தில் பங்கு உண்டென்று ஒப்புக்கொண்டு, அதைச் சுமக்கவும் துணிந்தார். அவர் செய்தது சரியென்று நாம் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். ஆனால், கை கறைபடாமல் ஒதுங்கி நின்றிருந்தால் அவர் நல்லவராகியிருப்பார் என்றும் எங்களுக்குத் தோன்றவில்லை.

1944 ஜூலை 20-ஆம் நாள் அம்முயற்சி தோற்றது. சிறைக் காவலர் ஒருவர் அவரோடு சேர்ந்து தப்பியோடவும் தயாராக இருந்தார். மாற்றுடையும் வந்துவிட்டது. அவ்வேளையில் அண்ணன் கிளவுஸ் கைதானார். தாம் ஓடினால் குடும்பத்தார் வதைபடுவார்கள் என்று டீட்ரிச் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

1945 ஏப்ரல் 8-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கைதிகளைப் பல ஊர்களுக்கு இழுத்துச் சென்று, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அடைத்திருந்தார்கள். ஆராதனை நடத்துமாறு மற்றவர்கள் கேட்டார்கள். அவர் தயங்கினார். அங்கிருந்தவர்களில் பலர் கத்தோலிக்கர். கடவுள் நம்பிக்கையில்லாத ரஷ்யர் ஒருவரும் இருந்தார். அந்த ரஷ்யருடைய மனம் வருந்தக்கூடாதே என்று எண்ணினார். அவரே வேண்டுமென்று சொன்ன பிறகுதான் தொடங்கினார். ஆராதனை முடிந்ததும் இருவர் வந்து அவரை அழைத்துச் சென்றார்கள். மறுநாள் விடியற்காலையில் பிளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39. அம்முகாமை அமெரிக்கப் படை விடுவித்தது ஏப்ரல் 23-ஆம் நாள். இரண்டே வாரந்தான்!

தபாலும் தந்தியும் சிதைந்துபோன பெர்லினில் பெற்றோருக்கு விவரம் தெரியவில்லை. ஜூலை 27-ஆம் நாள் இலண்டன் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தேவாலயத்தில் ஒரு நினைவு ஆராதனை ஒலிபரப்பாயிற்று. அது தங்கள் மகனுக்காக நடக்கிற ஆராதனை என்பதை அம்முதியவர்கள் அவ்வாறுதான் அறிந்தார்கள். இப்போரில் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு மருமக்களையும் இழந்தவர்கள் அவர்கள்.

இதைச் சொல்லும்போது, “அப்படியானால் அவர் நம்பியது வீண்தானே, சார்?” என்று மாணவர்கள் எங்களைக் கேட்பதுண்டு. அவர் தம் உயிர் தப்பும் என்று எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் அவர்களுக்குச் சுட்டிக்காட்டுகிறோம். கருணையுள்ள காவலர்கள் மறைத்துக் கடத்திய கடிதங்களை நண்பர் பெத்கே பத்திரப்படுத்தி, 1951-இல் புத்தகமாக வெளியிட்டார். கூரையில் ஒளித்திருந்த அந்தக் கட்டுரையும் குண்டுவீச்சுக்குத் தப்பி அதில் இடம்பெற்றது.