நூலகம் நம் அனைவரின் சொத்து
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டதும் நம் ஊர்க் கிளை நூலகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம். 'பள்ளிவாசல் கூட்டத்தில் நூலகப் பேச்சு எதற்கு?' என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. வாடகைக் கட்டடத்தில் இயங்கிவரும் அந்நூலகத்தின் கூரை மழைக்காலத்தில் ஒழுகுகிறது. பாதிப் புத்தகங்கள் மூட்டையாகக் கட்டப்பட்டு மூலையில் கிடக்கின்றன. நூலகத்திற்குச் சொந்த இடம் தேட உதவுமாறு வாசகர் வட்டத்தினர் ஊரிலுள்ள எல்லாச் சமுதாயத்தாரிடமும் கேட்டதுபோல் நம்மிடமும் கேட்டுள்ளனர். விடை கூறுமுன், அது யாருடைய நூலகம் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நாம் செலுத்தும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியும் சேர்ந்தே வசூலிக்கப்படுகிறது. 1,200 ரூபாய் வீட்டு வரி கட்டுபவர், அறிந்தோ அறியாமலோ, 120 ரூபாயை நூலகத்திற்குக் கொடுக்கிறார். உள்ளாட்சி மன்றங்கள் திரட்டும் அப்பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவைச் சென்றடைந்து, நூலாகவும் நாளிதழாகவும் நம்மிடமே திரும்பி வருகிறது. ஆகவே நூலகம் அரசு நமக்கு இடும் தருமம் அன்று. நம் பணத்தால் நடைபெறும் நம் உடைமை.

இந்த ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூல்கள் பூட்டிவைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பதைத் தம் நூலக விதிகளுள் முதலாவதாக வைத்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலைச் சேர்ந்த கனகசபை பிள்ளை என்னும் பெருந்தகை, மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றார். படிக்க வருவோர் இல்லையென்று வருந்திக்கொண்டிராமல், படிப்போர் இருக்குமிடம் நாடிச் சென்ற வண்டி அது.

இத்தகையோரின் உழைப்பால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். தொடக்கத்தில் நூலக வரி ரூபாய்க்கு அரையணாவாக இருந்தது. 1896-இல் திறக்கப்பட்ட சென்னை கன்னிமாரா நூலகம், 1950-இல் மாநில மைய நூலகமாயிற்று. இன்று மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனத் தமிழகமெங்கும் 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் உள்ளன. 2010-இல் சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன.

நம் சமுதாயத்திற்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. இச்சட்டத்திற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே, 1850-இல், சென்னையில் முகமதியர் பொது நூலகம் நிறுவப்பட்டது. அதற்கு முயன்றவர் எட்வர்டு பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். பிற சமயத்தவர் ஒருவர் நம்மவர் படிப்புக்காக முயன்றார் என்பதை நாம் மறத்தல் தகாது.

ஆனால் இன்றைய நம் நிலை என்ன? பத்திரிகை மேசையில் நம் பெரியவர்கள் சிலரைக் காண்கிறோம். உறுப்பினராகி நூலை வீட்டிற்கு எடுத்துச் செல்லும் நம் பிள்ளைகள் மிகச் சிலரே. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் இளைஞர்கள் சிலர் பேருந்து ஏறி மாவட்டத் தலைநகர் வரை சென்று வருகின்றனர். ஆண் பிள்ளைகள் போகிறார்கள். பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டார் தயங்குகின்றனர். உள்ளூர் நூலகம் இல்லாது போனால் முதலில் கதவடைக்கப்படுவது அப்பெண் பிள்ளைகளுக்கே. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத அந்த நாள் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு அன்றோ?

ஓர் ஐயத்தையும் இங்கே நீக்கிவிட விரும்புகிறோம். பள்ளிவாசலுக்குரிய வக்ஃபு நிலத்தை யாரும் கேட்கவில்லை. வக்ஃபு செய்யப்பட்டதை வேறு நோக்கத்திற்குக் கொடுக்க நமக்கு உரிமையும் இல்லை. சொந்த மனை உடையவர் எவரேனும் மனமுவந்து நூலகத்திற்கு வழங்க முன்வருவாரா என்பதே கேள்வி.

ஆகவே உங்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, இடம் தர வாய்ப்புள்ளோர் நிர்வாகக் குழுவிடம் தெரிவியுங்கள். மற்றச் சமுதாயத்தாரோடு சேர்ந்து முறைப்படி ஆவன செய்வோம். இரண்டாவது, வசதி உள்ளோர் 1,000 ரூபாய் செலுத்தி நூலகப் புரவலர் ஆகுங்கள். மூன்றாவது, செலவு மிகக் குறைவு. பயனோ மிகப் பெரிது. அடுத்த ஞாயிறன்று உங்கள் மகனையும் மகளையும் கைப்பிடித்து அழைத்துச் சென்று உறுப்பினராகச் சேருங்கள். படிப்போர் வருகை பெருகினால்தான், இந்நூலகத்திற்குக் கட்டடம் வேண்டுமென நாம் கேட்கும் குரலுக்கு வலுவிருக்கும்.

இந்த மழைக்காலத்திலேனும் நனையாத இடமொன்றில் அப்புத்தகங்கள் இருக்க வேண்டும். அதற்கு நம் கையால் இயன்றதைச் செய்ய வல்ல இறைவன் நமக்கு நற்பேறு அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.